கோபுரமே குன்றாக

சாலை நெடுகச் சக்கரம் உருட்டித் தொலைவு எண்ணிக் கையால் தீட்டிய வழிப்படங்களையே கும்பினியார் முதலில் பெரிதும் நம்பியிருந்தனர். அவற்றின் பிழை களைய, 1802-இல் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து முக்கோண அளவையைத் தொடங்கினார் வில்லியம் லாம்டன். உயர்ந்த இடங்களில் நின்று கோணம் காணும் முறை அது. காவிரிப் படுகையிலோ குன்றில்லை, வயலும் தென்னையுமே. கோபுரங்கள் குன்றுகளாயின. இராசராசன் 1010-இல் நிறைவித்த கற்றளிக்கு இப்படியும் ஒரு பணி வாய்த்தது!

1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை ஏற்றுகையில் கயிறு அறுந்தது. கருவி கல்லில் மோதி, பாகைகள் பொறித்த பெருவட்டம் நெளிந்தது. இலண்டனில் செய்த கருவி; மாற்றுக்கு எங்கே போவது? லாம்டன் கூடாரத்துள் அடைந்து, ஆறு வாரம், வட்டத்தை இம்மி இம்மியாக நிமிர்த்தினார். மலைக்குப் பெயரான ஜார்ஜ் எவரெஸ்டின் கைக்குப் பின்னாளில் சென்றதும் அதே கருவிதான்.