31.12.1981: இல்லாமற்போன அரை மணி நேரம்



1981ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இரவு, தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 11.30 ஆனதும் கடிகாரங்கள் நேரே 12க்குத் தள்ளி வைக்கப்பட்டன. 1982 பிறந்துவிட்டது. அன்றிரவு 11.45 என்ற ஒரு நேரமே இங்கு இருக்கவில்லை. அந்நேரத்தில் குழந்தை பிறந்ததாக எங்கேனும் ஒரு குறிப்பு இருக்குமாயின், எழுதியவரின் கடிகாரம் திருத்தப்படாமல் இருந்தது என்றே கொள்ள வேண்டும்.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்று கேட்கலாம். பள்ளியின் பழைய பதிவேடுகளையோ முன்னாள் மாணவர் பட்டியலையோ பெற்றோர் விவரங்களையோ கணினித் தரவுத்தளத்தில் ஏற்றியவர்கள் சிலர், ஒரு விந்தையைக் கண்டிருப்பார்கள். பிள்ளைகளின் பிறந்த தேதி சரியாக வரும். அவர்களின் தாய் தந்தையர் தேதி மட்டும் ஒரு நாள் பின்தங்கி வரும். 5ஆம் தேதி பிறந்தவர் 4ஆம் தேதி பிறந்தவராகிவிடுவார். தட்டச்சுப் பிழை என்று எண்ணித் திருத்தினால், மறுநாள் மீண்டும் அப்படியே நிற்கும். இதற்கான விடையில் பாதி கணினி நூலில் இருக்கிறது. மறுபாதி நம் நாட்டு வரலாற்றில் இருக்கிறது. வரலாற்றிலிருந்தே தொடங்குவோம்.

19ஆம் நூற்றாண்டில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நேரம். சூரியன் உச்சிக்கு வரும்போது அவ்வூரில் நண்பகல், அவ்வளவுதான். அந்தக் கணக்கின்படி சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் ஏறத்தாழ 8 நிமிடம் 39 வினாடி வேறுபாடு உண்டு. மாட்டுவண்டிக் காலத்தில் இது யாருக்கும் இடையூறாக இருக்கவில்லை. இரயிலும் தந்தியும் வந்த பின்னரே சிக்கல் எழுந்தது. 1901 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரின் நேரம், அதாவது கிரீன்விச்சைவிட 6 மணி 55 நிமிடம் 25 வினாடி முந்திய நேரம், மலாயாவுக்கும் பொதுவாக்கப்பட்டது. அந்த 25 வினாடியைச் சுமந்துகொண்டு உலகத்தோடு ஒத்துப்போவது எளிதன்று. ஆகவே 1905 ஜூன் 1இல் 105ஆம் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டு சரியாக 7 மணி நேரம் என்றாக்கினர்.

1933 ஜனவரி 1இல் 20 நிமிடம் கூட்டினார்கள். வேலை முடிந்தபின் மாலை வெளிச்சம் சற்று மிஞ்சட்டும் என்பதே நோக்கம். முதலில் 'பகலொளிச் சேமிப்பு' என்ற பெயரில் வந்த இந்த 20 நிமிடம், 1936இல் நிலையான நேரமாகவே ஆகிவிட்டது. 1941 செப்டம்பர் 1இல் மேலும் 10 நிமிடம் சேர்ந்து, 7 மணி 30 நிமிடம் ஆயிற்று. தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று நின்ற பால்மரத் தொழிலாளிக்கு இந்தச் சட்டங்களில் என்ன ஆர்வம் இருந்திருக்கும்? துரை வீட்டுக் கடிகாரம் நகர்ந்தது. பெரட்டும் அதனோடு நகர்ந்தது. ஒவ்வொரு முறை முள்ளைத் தள்ளியபோதும் அவர் எழும் வேளை இன்னும் இருட்டுக்குள் சென்றது என்பதை மட்டும் நாம் மறவாதிருப்போம்.

பிறகு சப்பானியர் காலம். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஊர்ப்பெயர் சியோனான் என்று மாறியதை நம் பாடநூல்கள் சொல்கின்றன. கடிகாரமும் மாறியதைப் பலர் அறியார். டோக்கியோ நேரம் நடைமுறைக்கு வந்தது. கிரீன்விச்சைவிட 9 மணி நேரம். ஒரே வீச்சில் ஒன்றரை மணி நேரம் முன்னே! காலை எட்டு மணிவாக்கில்தான் விடியும். சூரியன் உச்சிக்கு வரப் பிற்பகல் இரண்டு மணி கடந்துவிடும். ஆண்டுக் கணக்கும் மாறியது. சப்பானியப் பேரரசின் ஆண்டு முறையில் 1942 என்பது 2602. அக்காலத்து மலாயா அஞ்சல்தலைகள் சிலவற்றில் 2602 என்று மேலச்சிடப்பட்டிருப்பதை இன்றும் சேகரிப்பாளர்களிடம் காணலாம். அஞ்சல்தலைகளில் மட்டுமன்றி அக்காலத் தாள்களிலும் இவ்வாண்டுக் கணக்கு இடம்பெற்றது. அத்தகைய தாளில் உள்ளதை அப்படியே கணினியில் ஏற்றினால், நம் தாத்தா இன்னும் பிறக்கவேயில்லை என்று அது சொல்லும். சயாம் மரண ரயிலுக்கு அழைத்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர்களின் குடும்பங்களில், அந்த ஆண்டுகளைச் சேர்ந்த ஒரு தாள் கிடைப்பதே அரிது. கிடைத்த ஒன்றையும் 'தவறான தேதி' என்று மென்பொருள் தள்ளிவிடுமானால், அந்த மனிதர் இருந்ததற்கான கடைசிச் சான்றும் போய்விடும்.

1945 செப்டம்பர் 12இல் சிங்கப்பூரில் சப்பானியர் சரண் ஒப்பமிட்டனர். அந்நாளில் நேரமும் 7 மணி 30 நிமிடத்துக்குத் திரும்பியதாக நேர வரலாற்றுப் பதிவுகள் குறிக்கின்றன. ஒன்றரை மணி நேரம் பின்னே சென்றதால், அந்த நாளில் ஒன்றரை மணி நேரம் இருமுறை வந்தது.

அதன்பின் 36 ஆண்டுகள் மாற்றமில்லை. ஆனால் 1963இல் மலேசியா உருவானபோது சபாவும் சரவாக்கும் 8 மணி நேரக் கணக்கில் இருந்தன. ஒரே நாட்டுக்குள் அரை மணி வேறுபாடு. இதனை நீக்கவே, 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பம் கிழக்கு மலேசியாவின் நேரத்துக்கு மாறியது. வணிகமும் போக்குவரத்தும் பின்னிக் கிடந்தமையால் சிங்கப்பூரும் உடன் மாறியது. அதனால்தான் கோலாலம்பூரில் இன்று சராசரியாக 1.13க்கே சூரியன் உச்சிக்கு வருகிறது. அதனால்தான் நம் பிள்ளைகள் இருட்டில் பள்ளிப் பேருந்துக்குக் காத்து நிற்கிறார்கள்.

இனி கணினிக்கு வருவோம். தரவுத்தளத்தில் தேதியை வைக்கப் பலவகைக் கட்டங்கள் உண்டு. ஒன்று வெறும் தேதி. மற்றொன்று தேதியும் மணியும். மூன்றாவது வகை, நாம் எழுதும் நேரத்தைக் கிரீன்விச் நேரமாக மாற்றி உள்ளே வைத்து, கேட்கும்போது மீண்டும் உள்ளூர் நேரமாக்கித் தருவது. பிறந்த தேதிக்கு மூன்றாவது வகையைத் தேர்ந்தெடுப்பதுதான் வினை. (மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இவ்வகைக் கட்டம் 1970க்கு முந்திய காலத்தை ஏற்பதேயில்லை, 2038 ஜனவரி 19க்கு அப்பாலும் செல்லாது. தாத்தா பாட்டியின் பிறந்த நாளுக்கு அதில் இடமே கிடையாது.)

1975 மார்ச் 5இல் பிறந்த ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். தேதி மட்டும் தரப்பட்டதால், மென்பொருள் அதனை நள்ளிரவு 12 மணி என்று கொள்கிறது. மலேசியா என்றால் 8 மணி நேரம் என்று எழுதிவைத்த மென்பொருள், அதைக் கழித்து, மார்ச் 4 மாலை 4 மணி கிரீன்விச் நேரம் என்று சேமிக்கிறது. பின்னர் வேறொரு மென்பொருள் அதே தகவலைக் கேட்கிறது. இது வரலாறு அறிந்த மென்பொருள். 1975இல் இங்கு ஏழரை மணி நேரக் கணக்கு என்பது அதற்குத் தெரியும். ஏழரையைக் கூட்டுகிறது. மார்ச் 4 இரவு 11.30! மணியை நீக்கித் தேதியை மட்டும் திரையில் காட்டும்போது அந்தத் தாய் ஒரு நாள் முன்னதாகப் பிறந்துவிடுகிறார். 1982க்குப் பின் பிறந்த மகளுக்கு இரு கணக்கும் எட்டுதான். ஆகவே தேதி தவறுவதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், சப்பானியர் காலத்தில் பிறந்த பாட்டிக்கும் தேதி தவறாது. எட்டைக் கழித்து ஒன்பதைக் கூட்டினால் விடியற்காலை 1 மணி. நாள் அதே நாள்தான். மகளுக்குச் சரி, தாய்க்குத் தவறு, பாட்டிக்குச் சரி. வரலாறு தெரியாதவர் இந்தப் பட்டியலைப் பார்த்தால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மலேசியர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. அடையாள அட்டை எண்ணின் முதல் 6 இலக்கங்கள் பிறந்த தேதியே. அவற்றைத் திரையில் காணும் தேதியோடு ஒப்பிட்டால் பிழை உடனே வெளிப்படும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு முன்னரே அத்தேதி காப்புறுதிப் படிவத்துக்கோ உதவிநிதி விண்ணப்பத்துக்கோ சென்றுவிட்டால், அலுவலக வாயில்களில் அலைய வேண்டியவர் அந்தத் தாய்தான். ஒரு நாள்தானே என்று அலட்சியமாக இருக்கலாகாது. சிங்கப்பூரில் தொடக்கநிலை 1க்கான வயது, ஓர் ஆண்டின் ஜனவரி 2 முதல் அடுத்த ஆண்டின் ஜனவரி 1 வரை என்று கணக்கிடப்படுகிறது. ஜனவரி 2இல் பிறந்த குழந்தை கணினியில் ஜனவரி 1 என்று வந்தால், மேல் அணியைச் சேர்ந்ததாகிவிடும். அங்கே ஒரு நாள் என்பது ஓர் ஆண்டு.

தேடும் முறையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. '1981 டிசம்பர் 1 முதல் 31 வரை' என்று, மணியும் சேர்ந்த கட்டத்தில் வினவினால், 31 என்பதை அந்நாள் தொடங்கும் நள்ளிரவு என்றே கணினி கொள்ளும். 31ஆம் நாள் காலை முதல் இரவு வரை நிகழ்ந்த எதுவும் விடையில் வராது. 'டிசம்பர் 1 அல்லது அதற்குப் பின், ஜனவரி 1க்கு முன்' என்று கேட்பதே சரி. இடைவெளியைக் கணக்கிடுவதும் அப்படித்தான். அந்த இரவில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்ததாகக் கற்பனை செய்துகொள்வோம். மூத்தது 11.10க்கு, இளையது 12.05க்கு. கடிகாரத்தைக் கழித்தால் 55 நிமிடம். தாய் வலியில் கிடந்ததோ 25 நிமிடந்தான்.

வரலாறு அறிந்த மென்பொருள் என்றேனே, அதற்கு அந்த அறிவு எங்கிருந்து வந்தது? உலக நாடுகளின் நேர மாற்றங்களையெல்லாம் தொகுத்த நேர வலயத் தரவுத்தளம் ஒன்று உண்டு. அமெரிக்கரான ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கியது. பால் எகர்ட் நெடுங்காலமாகப் பேணிவருவது. கைப்பேசி முதல் பெருங்கணினி வரை பலவும் இதனையே நம்பியிருக்கின்றன. பழைய நேர மாற்றங்களுக்கு இவர்கள் பயன்படுத்திய ஆதாரங்களுள், சோதிடர்களுக்கென்று தொகுக்கப்பட்ட நேர அட்டவணை நூல்களும் அடங்கும்! பிறந்த நேரத்தைத் துல்லியமாக அறிய வேண்டிய தேவை அவர்களுக்கல்லவா இருந்தது? 2011இல் ஆஸ்ட்ரோலேப் என்ற சோதிட மென்பொருள் நிறுவனம், அத்தகவல் தமக்கே உரியது என்று இவ்விருவர் மீதும் வழக்குத் தொடுத்தது. வரலாற்று உண்மைக்கு எவரும் உரிமை கொண்டாட முடியுமா என்ற கேள்வி எழுந்தது. 2012இல் அந்நிறுவனமே வழக்கை மீட்டுக்கொண்டு வருத்தமும் தெரிவித்தது. அதற்கிடையில் தரவுத்தளத்தைக் காக்கும் பொறுப்பு, இணைய எண்களையும் பெயர்களையும் ஒதுக்கும் அமைப்பின் கைக்குச் சென்றது.

இத்தரவுத்தளமும் வேதவாக்கன்று. 1982 மாற்றம் இரவு 12 மணிக்கு நிகழ்ந்ததாகவே அதன் பழைய பதிப்புகள் குறித்தன. அதன்படி 1982 ஜனவரி 1இன் முதல் அரை மணி நேரம் இல்லாமற்போனது. அன்று பிறந்த குழந்தையின் 'நள்ளிரவு' சில மென்பொருள்களில் 12.30 ஆகத் தோன்றியது. பின்னரே 11.30 என்று திருத்தினர். மேலும் 1970க்குப் பிந்திய காலத்துக்கே அது பொறுப்பேற்கிறது. 1970 முதல் ஒத்த நேரம் உடையவை என்பதால், 2022இல் கோலாலம்பூரின் பதிவு சிங்கப்பூரின் பதிவோடு இணைக்கப்பட்டது. 1901க்கு முந்திய கோலாலம்பூரின் சொந்த நேரம் முதன்மைத் தொகுப்பில் இப்போது இல்லை.

சாதகம் கணிப்போர் நம்மிடையே நிரம்ப உள்ளனர். நம்பிக்கையைப் பற்றி நான் வாதிட வரவில்லை. கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1981 வரை நமக்கும் இந்தியாவுக்கும் சரியாக 2 மணி நேரமே வேறுபாடு. இந்தியாவிலிருந்து பஞ்சாங்கம் வரவழைத்த பெரியவர்கள் இரண்டைக் கழித்தே பழகியவர்கள். 1982 முதல் அது இரண்டரை மணி நேரம். எல்லா ஆண்டுக்கும் இரண்டரையைக் கழிக்கும் மென்பொருளில் 1970இல் பிறந்தவரின் நேரத்தை இட்டால் அரை மணி பிசகும். இலக்கினம் ஏழரைப் பாகை அளவு நகரும். ஒரு இராசி 30 பாகை என்பதால், ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இலக்கினமே மாறிவிடும். சப்பானியர் காலத்தவருக்குப் பிழை ஒரு மணி நேரம். அங்கே இருவரில் ஒருவருக்கு மாறும்.

வீட்டிலோ பள்ளியிலோ இத்தகைய பட்டியலைத் தயாரிப்போர், பிறந்த தேதிக்கு மணியில்லாத வெறும் தேதிக் கட்டத்தையே வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த மணி தெரிந்தால் அதனைத் தனிக் கட்டத்தில், சான்றிதழில் உள்ளவாறே, எந்த மாற்றமுமின்றி எழுதி, பக்கத்துக் கட்டத்தில் ஊர்ப்பெயரைச் சேருங்கள். ஏழரையா எட்டா ஒன்பதா என்பதை ஊரையும் ஆண்டையும் கொண்டு பின்னர் எவரும் கணக்கிடலாம். பாட்டனாரின் தாளில் 2602 என்று இருந்தால், 660ஐக் கழித்து 1942 என்று புதிய கட்டம் ஒன்றில் எழுதுங்கள். பழைய கட்டத்தில் 2602 அப்படியே இருக்கட்டும்.