டிஃபோ மாளிகைக்குள் ஐந்து நாள்

‘ஃபைவ் டேஸ் எ ஸ்ட்ரேஞ்சர்’ 2003-ல் இணையத்தில் இலவசமாக வெளிவந்தது. பின்னால் நிறுவனம் கிடையாது, முதலீடு கிடையாது. பென் கிராஷா என்ற இருபது வயது ஆங்கிலேயர், வீட்டுக் கணினியில் உருவாக்கிய கேம்.

அதற்கான விதை 1997-லேயே விழுந்துவிட்டது. கதையோடு போகும் மவுஸ் ஆட்டங்களை விட்டுப் பெரிய நிறுவனங்கள் முப்பரிமாணத்துக்குத் தாவிக்கொண்டிருந்த நேரம் அது. பிரிட்டனில் கிறிஸ் ஜோன்ஸ், அத்தகைய ஆட்டங்களை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ள ஒரு மென்பொருள் எழுதினார். அதுதான் பின்னாளில் ‘அட்வென்ச்சர் கேம் ஸ்டூடியோ’ ஆனது. கிராஷா அதன் ஆரம்பகாலப் பயனர்களில் ஒருவர்; இந்த கேமையும் அதில்தான் செய்தார்.

கதையின் நாயகன் டிரில்பி ஒரு திருடன். கோட்டும் தொப்பியுமாக, ஆளில்லை என்று நம்பி டிஃபோ மாளிகைக்குள் ஜன்னல் வழியே நுழைகிறான். அதன்பின் எந்த ஜன்னலும் திறக்கவில்லை. அவனுக்கு முன்பே சிலர் உள்ளே சிக்கியிருக்கிறார்கள். வெல்டிங் முகமூடி போட்ட ஒரு உருவமும் அங்கே திரிகிறது.

இருப்பது கொஞ்சம் அறைகள்தான். ஐந்து நாளும் அதே படிக்கட்டு, அதே நடைவழி. பணமுள்ள கேம் என்றால் நம்மைப் புதுப்புது இடங்களுக்குக் கூட்டிப்போயிருக்கும். இங்கே அதற்கு வழியில்லை. பயம் பிறப்பதே அதனால்தான். நேற்று சும்மா கிடந்த அறையில் இன்று ஏதோ மாறியிருக்கும். அடுத்த நாள் அந்தக் கதவைக் கிளிக் செய்ய விரல் தயங்கும். அந்த முகமூடியும் அப்படித்தான். இவ்வளவு பெரிய பிக்சல்களால் ஒரு கொலைகாரனின் முகத்தை வரைந்திருந்தால் பொம்மையாகத் தெரிந்திருக்கும். முகமூடிக்கு முகபாவம் தேவையில்லை; அதனால் அது இன்றும் அச்சுறுத்துகிறது. பெரும் செலவில் வந்த பல திகில் ஆட்டங்கள் என்னை இந்த அளவுக்கு உலுக்கியதில்லை.

வெற்றி தொடர்ச்சிகளைக் கொண்டுவந்தது. 2004-ல் வந்த இரண்டாவது கதை, பல நூற்றாண்டுகள் தள்ளி ஒரு விண்கலத்தில் நடக்கிறது. 2006-ல் வந்த ‘டிரில்பிஸ் நோட்ஸ்’ மவுஸைக் கைவிட்டுக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யச் சொன்னது. துணிச்சல்தான், ஆனாலும் எனக்கு முதல் பாகத்தின் மவுஸ் முறையே பிடித்திருக்கிறது. 2007-ல் நான்காம் பாகத்தோடு கதை முடிந்தது. அதே ஆண்டு ‘ஜீரோ பங்ச்சுவேஷன்’ என்ற வேகப்பேச்சு விமர்சன வீடியோக்களால் கிராஷா உலகம் முழுக்கத் தெரிந்தவரானார்.

இப்படித் தனியாள் செய்த இலவச ஆட்டங்கள் பல, கணினிகள் மாற மாற ஓடாமல் போயிருக்கின்றன. இதற்கு அந்தக் கதி வரவில்லை. 2011-ல் ஜோன்ஸின் ‘அட்வென்ச்சர் கேம் ஸ்டூடியோ’ எஞ்சினுடைய மூலநிரல் பொதுவில் வந்தது. 2021-ல், பழைய ஆட்டங்களைக் காப்பாற்றவென்றே தன்னார்வலர்கள் நடத்தும் ‘ஸ்கம்விஎம்’, அந்த எஞ்சினில் செய்த ஆட்டங்களையும் ஏற்றுக்கொண்டது. அது ஆண்ட்ராய்டிலும் ஓடுவதால், இப்போது டிஃபோ மாளிகையின் கதவுகளை விரலாலேயே தொட்டுத் திறக்கலாம். வசனங்களை மட்டும், கொஞ்சம் பெரிய திரையுள்ள டேப்லெட்டில் படிப்பது கண்ணுக்கு நல்லது.