சின்னதா பெருசா: செங்கல்பட்டு வழியா ஒரு கைபேசி வரலாறு

செப்டம்பர் வந்தா போதும், நண்பர்கள் வட்டத்துல ஒரு பட்டிமன்றம் ஆரம்பிச்சுடும். புது ஐஃபோன் வந்திருக்கு, சின்னதை வாங்குறதா, பெருசை வாங்குறதா? 6.3 அங்குலமா, 6.9 அங்குலமா? ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வாங்க. பேட்டரிம்பாங்க, கேமராம்பாங்க, "பெருசுன்னா ஒரு கெத்து"ம்பாங்க. கடைசியில பர்ஸ் சொல்றதுதான் தீர்ப்பு.

எனக்கு இது விலைப்பட்டியல் பார்த்து முடிக்கிற விஷயமா தெரியலை. இந்தச் சின்னது பெருசு கதைக்கு ஒரு வரலாறு இருக்கு. அதுல பாதி நம்ம பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே நடந்திருக்கு. அதனாலதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காபி வச்சுக்கிட்டுப் படிங்க :-)

முதல்ல கொஞ்சம் முன்கதை. 2007ல வந்த முதல் ஐஃபோன் 3.5 அங்குலம், 135 கிராம். ஒரே அளவு, வேற பேச்சே கிடையாது. 2010ல மத்த கம்பெனிக்காரங்க பெரிய போன் விட ஆரம்பிச்சப்ப, கைக்குள்ள அடங்காத போனை யாரும் வாங்க மாட்டாங்கன்னு ஸ்டீவ் ஜாப்ஸ் அடிச்சுச் சொன்னார். மறு வருஷமே சாம்சங் 5.3 அங்குலத்துல நோட்டைக் கொண்டு வந்தது. காதுல வச்சா பலகையை வச்ச மாதிரி இருக்குன்னு சிரிச்சோம். சிரிச்சவங்கதான் பின்னாடி வரிசையில நின்னு வாங்கினோம், அது வேற விஷயம். 2012ல ஐஃபோன் 5 வந்தப்பகூட ஆப்பிள் உயரத்தை மட்டும்தான் கூட்டினாங்க. அகலம் அதே 58.6 மில்லிமீட்டர். கட்டைவிரல் எட்டணுமே!

அந்தப் பிடிவாதம் 2014ல உடைஞ்சது. ஐஃபோன் 6 (4.7 அங்குலம்), ஐஃபோன் 6 ப்ளஸ் (5.5 அங்குலம்). ஒரே வருஷத்து உச்சப் போன் ரெண்டு அளவுல வந்தது ஆப்பிளுக்கு அதுதான் முதல் தடவை. இந்தியாவுல விற்பனைக்கு வந்த நாள் 2014 அக்டோபர் 17. சின்னது 53,500 ரூபாய், பெருசு 62,500 ரூபாய்.

அந்தத் தேதியை ஞாபகம் வச்சுக்குங்க. அதுக்குச் சரியா பதினஞ்சாவது நாள், 2014 நவம்பர் 1, ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில உற்பத்தி நின்னது.

ஸ்ரீபெரும்புதூர் எப்படி செங்கல்பட்டு ஆகும்னு கேக்கறவங்களுக்கு: 1997 வரைக்கும் அது பழைய செங்கல்பட்டு மாவட்டம்தான் (கடைசியா இருந்த பேர் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்). அப்புறம் காஞ்சிபுரம் மாவட்டம், திருவள்ளூர் மாவட்டம்னு ரெண்டாச்சு. 2019 நவம்பர்ல செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டமானப்ப ஸ்ரீபெரும்புதூர் காஞ்சிபுரத்தோடயே நின்னுடுச்சு. வரைபடத்துலதான் கோடு. சிங்கப்பெருமாள் கோயில்ல திரும்பி ஒரகடம் வழியா போற ரோட்டுல கம்பெனி பஸ்ஸுங்க எந்தக் கோட்டையும் பார்க்கிறதில்லை.

நோக்கியா 2005ல தமிழக அரசோட ஒப்பந்தம் போட்டு, 2006 தொடக்கத்துல உற்பத்தியை ஆரம்பிச்சது. நல்லா ஓடின காலத்துல நேரடியா மட்டும் எட்டாயிரம் பேர் வரைக்கும் வேலை பார்த்தாங்க. சுத்துப்பட்டு ஊர்கள்லேர்ந்து பள்ளிக்கூடம் முடிச்ச கையோட வந்த பொண்ணுங்கதான் நிறைய. பெரும்பாலும் சாதாரண போன்கள்தான் செஞ்சாங்க. நம்ம எல்லார் வீட்டுலயும் இருந்த நோக்கியா 1100ஐ நினைச்சுப் பாருங்க. 46 மில்லிமீட்டர் அகலம், 86 கிராம். சட்டைப் பையில இருக்கிறதே தெரியாது. சின்னதா பெருசாங்கற கேள்விக்கே இடமில்லாத உலகம் அது.

அந்த உலகத்தைத் தொடுதிரை தின்னுடுச்சுங்கறது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வருமான வரி வழக்கு. 2014 ஏப்ரல்ல நோக்கியாவோட கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கினப்ப, வழக்குல சொத்து முடங்கிக் கிடந்ததால இந்த ஆலை கைமாறலை. மைக்ரோசாஃப்டுக்குப் போன் செஞ்சு கொடுக்கிற ஒப்பந்த ஆலையா கொஞ்ச மாசம் இழுத்துக்கிட்டு இருந்தது. ஐயாயிரம் பேருக்கு மேல விருப்ப ஓய்வுல போனாங்க. "விருப்ப ஓய்வு"! இருபத்தஞ்சு வயசுல யாருக்குங்க ஓய்வெடுக்க விருப்பம்? போன் பெருசானதைப் பத்தி ஆயிரம் கட்டுரை வந்திருக்கு. அதே பதினஞ்சு நாளுக்குள்ள இங்க ஒரு ஆலை அடங்கினதையும் பக்கத்துல வச்சு யாரும் எழுதலையேன்னு எனக்கு ஒரு ஆதங்கம். அதைத் தீர்த்துக்கிட்டாச்சு.

(கொசுறு: அந்த வளாகத்தை அப்புறம் சால்காம்ப்ங்கற சார்ஜர் கம்பெனி எடுத்துக்கிச்சு. அடுத்த வருஷமே, 2020ல, ஐஃபோன் டப்பாவுல சார்ஜர் வைக்கிறதை ஆப்பிள் நிறுத்திட்டாங்க. நம்ம ஊர் ராசி!)

சரி, அளவு விஷயத்துக்கு வருவோம். சின்னதுக்கும் பெருசுக்கும் அளவு மட்டும்தான் வித்தியாசம்னு கடையில சொல்வாங்க. 2014லேயே அது பொய். 6 ப்ளஸ் கேமராவுல லென்ஸ் அசைஞ்சு கை நடுக்கத்தைச் சமன் செய்ற வசதி இருந்தது, 6ல கிடையாது. 2016ல 7 ப்ளஸுக்கு ரெண்டு கேமரா, 7க்கு ஒண்ணு. பெருசைக் கைநீட்டி வாங்கினவனுக்குக் கூடுதல் வசதி, சின்னதே போதும்னவனுக்குத் தண்டனை. 2018ல டென் எஸ், டென் எஸ் மேக்ஸ் வந்தப்பதான் கேமரா ஒண்ணாச்சு, நிஜமாவே அளவும் பேட்டரியும்தான் வித்தியாசம். 2020ல மறுபடி பிரிச்சாங்க. 12 ப்ரோ மேக்ஸுக்குப் பெரிய சென்சார். 2021ல சேர்த்தாங்க. 2023ல திரும்பவும் பிரிச்சாங்க. 15 ப்ரோ மேக்ஸுக்கு ஐந்து மடங்கு டெலிஃபோட்டோ, 15 ப்ரோவுக்கு மூணு மடங்கு. 2024ல 16 ப்ரோ ரெண்டுக்கும் ஐந்து மடங்கு. சேர்க்கிறதும் பிரிக்கிறதும்... கூட்டணி மாதிரி இருக்கில்ல?

சாம்சங்கும் சளைச்சவங்க இல்லை. 2018ல எஸ்9க்குப் பின்னாடி ஒரு கேமரா, எஸ்9 ப்ளஸுக்கு ரெண்டு.

முழுக்க வியாபாரத் தந்திரம்னு சொல்லிட முடியாது. ஒளியை மடக்கி மடக்கி அனுப்புற பட்டகம் வச்ச லென்ஸுக்கு உள்ளே இடம் வேணும். பெரிய உடம்புல அந்த இடம் முதல்ல கிடைக்குது, சின்ன உடம்புல நுழைக்க ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகுது. ஆனா அந்த ஒண்ணு ரெண்டு வருஷத்தைக் காசாக்கத் தெரிஞ்சவங்களும் அவங்கதான்.

இது எனக்கு உறைச்சது மகாபலிபுரத்துலதான். ஐந்து ரதங்கள் பார்த்திருப்பீங்க. அதுல அர்ஜுன ரதமும் தர்மராஜ ரதமும் ஒரே வடிவமைப்பு, ரெண்டு அளவு. சதுர அடித்தளம், மாடத்துக்கு மேல மாடம், உச்சியில எண்பட்டைச் சிகரம். சின்னது ரெண்டு தளம், பெருசு மூணு தளம். (பாண்டவர் பேரெல்லாம் பின்னால வந்தது, பல்லவனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.) மேலேருந்து கீழே செதுக்கிக்கிட்டு வந்ததால பெருசோட அடித்தளம் முடியாமலே நின்னு போச்சு. ஆனா மேல்தளங்கள்ல இருக்கிற சிற்பங்கள் அபாரம். பெருசுக்குத்தான் நல்ல வேலைப்பாடுங்கற வழக்கம் ஏழாம் நூற்றாண்டுலயே இருந்திருக்கு போல :-)

அந்த மேல்தளச் சிற்பங்களைக் கீழே மணல்ல நின்னு படம் பிடிக்கறதுதான் என்னோட ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். 15 ப்ரோவோட மூணு மடங்குங்கறது 77 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சமம். மேக்ஸோட ஐந்து மடங்கு 120 மில்லிமீட்டருக்குச் சமம். ஒரே இடத்துல நின்னு எடுத்தா மாடத்துல நிக்கிற சிவன் மேக்ஸ்ல ஒன்றரை மடங்குக்கு மேல பெருசா விழுவார். இந்த ஒரு காரணத்துக்காக 2023ல மேக்ஸ் வாங்கினவங்களை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனா அதே ஆள் 2022ல, "கேமரா நல்லா இருக்கும்"னு நம்பி 14 ப்ரோவை விட்டுட்டு 14 ப்ரோ மேக்ஸ் வாங்கியிருந்தா, கூடக் கிடைச்சது கைவலிதான். ரெண்டு கேமராவும் ஒண்ணு. அதனால எந்த வருஷம்னு பார்க்காம "பெருசுதான் பெஸ்ட்"னு சொல்றவங்களை நம்பாதீங்க.

இப்ப அளவு நாடாவை எடுங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. 2014ல 6 ப்ளஸோட அகலம் 77.8 மில்லிமீட்டர். 2019ல 11 ப்ரோ மேக்ஸ், அதே 77.8. 2020ல 12 ப்ரோ மேக்ஸ் 78.1. 2024ல 16 ப்ரோ மேக்ஸ் 77.6. 2025ல 17 ப்ரோ மேக்ஸ் 78.0. திரை 5.5லேருந்து 6.9க்குப் போயிருக்கு, அகலம் அங்கேயேதான் நிக்குது! ஓரத்துல இருந்த பட்டையைத் தின்னாங்க, கீழே இருந்த பொத்தானைத் தின்னாங்க, உயரத்தைக் கூட்டினாங்க. 78ஐத் தாண்ட மட்டும் துணியலை. மனுஷன் கை அதுக்கு மேல விரியாதுன்னு அவங்களுக்கும் தெரியும்.

அப்ப வளர்ந்தது எது? சின்னதுதான். ஐஃபோன் 6 அகலம் 67.0, எடை 129 கிராம். 16 ப்ரோ அகலம் 71.5, எடை 199 கிராம். இன்னொரு தடவை படிங்க. 2014ல "ஐயோ இவ்ளோ கனமா"ன்னு அலறின 6 ப்ளஸே 172 கிராம்தான். பத்து வருஷம் கழிச்சு வந்த "சின்னது" அதைவிட 27 கிராம் கூட. பழைய பெருசைவிடக் கனமான ஒண்ணைச் சின்னதுன்னு பேர் வச்சு விக்கறாங்க, நாமளும் அப்படியே சொல்லிக்கிட்டிருக்கோம்.

நிஜமான சின்னது ஒண்ணு வந்தது. 2020ல 12 மினி. 5.4 அங்குலம், 64.2 அகலம், 135 கிராம். 2007ல வந்த முதல் போனோட எடை! 2021ல 13 மினி. 2022ல மினியைத் தூக்கிட்டு 14 ப்ளஸ்னு 6.7 அங்குலத்தை அந்த இடத்துல வச்சாங்க. நாமதான் வாங்கலை, அவங்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

அதே 2022 செப்டம்பர் கடைசியில பெகாட்ரான் ஆலையை முதல்வர் ஸ்டாலின் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில திறந்து வச்சார். செங்கல்பட்டுக்கு முந்தின ஸ்டேஷன் பரனூர், இறங்கினா பக்கத்துலதான். அந்த வருஷமே 14ஐ அங்க பூட்ட ஆரம்பிச்சாங்க. 2023 செப்டம்பர்ல ஒரு தீ விபத்து, சில நாள் வேலை நின்னது. 2025 ஜனவரியில டாடா எலெக்ட்ரானிக்ஸ் 60 சதவீதப் பங்கை வாங்கிட்டாங்க. சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான் கதை இன்னும் பழசு. 2019ல டென் ஆர், 2020ல 11னு படிப்படியா ஏறினாங்க. ரொம்ப நாள் ப்ரோ வகை மட்டும் இங்க வரலை. 2024ல 16 ப்ரோவும் 16 ப்ரோ மேக்ஸும் ஒண்ணா வந்ததுதான் முதல் தடவை. ஆக, இப்ப நாம அடிச்சுக்கிற அந்தச் சின்னதும் பெருசும் நம்ம பக்கத்து ஊர்ப் பொண்ணுங்க கை வழியாத்தான் வருது.

அந்தக் கைகளைப் பத்தி ஒரு விஷயம் சொல்லாம விடக்கூடாது. 2021 டிசம்பர்ல ஃபாக்ஸ்கான் ஊழியர்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில சாப்பாடு விஷமாகி நிறையப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போக, பொண்ணுங்க சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில உட்கார்ந்துட்டாங்க. ஆலை மூடி, அடுத்த ஜனவரியிலதான் திறந்தது. 13 மினி கடையில இருந்த காலம் அது. அப்புறம் வல்லம் வடகால்ல 18,720 பேர் தங்குற விடுதி கட்டி 2024 ஆகஸ்ட்ல திறந்தாங்க. போனோட எடையில கிராம் கிராமா கணக்குப் பார்க்கிற நாம, அந்த விடுதியில ஒரு அறைக்கு எத்தனை பேருன்னும் கொஞ்சம் கேட்டுக்கலாம்.

2025 செப்டம்பர் கணக்குக்கு வரேன். 17 ப்ரோ, 17 ப்ரோ மேக்ஸ் ரெண்டுலயும் கேமரா ஒண்ணு, சில்லு ஒண்ணு. இது "சேர்க்கிற" வருஷம். சின்னது 206 கிராம், பெருசு 233. திரைப் பரப்பு பெருசுல கிட்டத்தட்ட 20 சதவீதம் கூட (அங்குலம் மூலைக்கு மூலை அளக்கறது, பரப்பு வர்க்கத்துல ஏறும்). 2014ல இந்த வித்தியாசம் 37 சதவீதம். ரெண்டும் நெருங்கிக்கிட்டே வருது. வெளியீட்டு விலை 1,34,900, 1,49,900. ரெண்டும் 256 ஜிபிங்கறதால 15,000 ரூபாய் திரைக்கும் பேட்டரிக்கும்தான். போன வருஷம் 25,000 வித்தியாசம்னு தெரிஞ்சதுல 10,000 சேமிப்பு இடத்துக்கான காசு, அதைப் பலபேர் கவனிக்கவே இல்லை.

பேட்டரியும் சின்ன விஷயம் இல்லை. எங்க அத்தைக்கு எழுத்தைப் பெருசாக்கி வச்சா சின்னதுல ஒரு குறுஞ்செய்திக்கு நாலு தடவை திரையைத் தள்ளணும். அவங்களுக்குப் பெருசுதான் சரி, ரெண்டு கையாலதான் பிடிப்பாங்க, உட்கார்ந்துதான் பார்ப்பாங்க. நான் காலையில தாம்பரம் வண்டியில ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவன். பரனூர்ல கம்பெனிப் பொண்ணுங்க இறங்கி ஏறுற வரைக்கும் அந்தக் கையை எடுக்க முடியாது. எனக்கு 71.9 மில்லிமீட்டரே கொஞ்சம் அதிகம்தான், ஆனா அதைவிடச் சின்ன ப்ரோ அவங்ககிட்ட இல்லை.