ஐன்ஸ்டைனின் கணக்கைத் திருத்திய மஞ்சள் துகள்கள்



ஐன்ஸ்டைன் என்றதும் சார்பியல் கொள்கைதான் நினைவுக்கு வரும். ஆனால் அவருக்கு டாக்டர் பட்டம் வாங்கித் தந்தது தண்ணீரில் கரைந்த சர்க்கரை! அந்த ஆய்வேட்டில் ஒரு பிழை இருந்தது. ஐந்து ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படவில்லை. அது பிடிபட்ட கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

பள்ளியில் ஸ்டோக்ஸ் விதி படித்திருப்பீர்கள். திரவத்தில் மெதுவாக நகரும் சிறு கோளத்தை எவ்வளவு விசை தடுக்கும் என்பதைச் சொல்லும் விதி. கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1851-ல் வெளியிட்டார். காற்றில் ஆடும் ஊசல் ஏன் மெல்ல மெல்ல ஓய்கிறது என்று ஆராயப்போய்க் கிடைத்த விடை அது.

1905-ல், பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த 26 வயது ஐன்ஸ்டைன் அதைத் திருப்பிக் கேட்டார். துகளைத் திரவம் தடுக்கிறது, சரி. துகள்கள் திரவத்தை என்ன செய்கின்றன?

கெட்டியான துகள் வளையாது, நசுங்காது. ஓடும் திரவம்தான் அதைச் சுற்றிப் போக வேண்டும். அதனால் உள் உராய்வு கூடி, கலவையின் பாகுநிலை உயரும். இதில் துகள் பெரிதா சிறிதா என்பது கணக்கில் வராது. மொத்தக் கன அளவில் துகள்களின் பங்கு எவ்வளவு என்பதே முக்கியம். நூற்றில் ஒரு பங்கு துகள் இருந்தால் பாகுநிலையும் ஒரு சதவீதம் கூடும் என்று அவருக்கு விடை வந்தது.

சர்க்கரை மூலக்கூறையும் அப்படி ஒரு கோளமாக வைத்துக்கொண்டார். சர்க்கரைக் கரைசலின் பாகுநிலை ஒரு சமன்பாடு, சர்க்கரை தண்ணீரில் பரவும் வேகம் இன்னொன்று. மூலக்கூறின் அளவு, அவகாட்ரோ எண் என்ற இரண்டும் கிடைத்துவிட்டன. சூரிச் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் பர்க்ஹார்ட், தாம் சோதித்த கணக்குகள் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டார். பட்டமும் கிடைத்தது.

ஆனால் அவகாட்ரோ எண் இடித்தது. நல்ல அளவீடுகளை வைத்து 1906-ல் திரும்பக் கணக்கிட்டும் 4.15 × 10²³ தான் வந்தது. பாரிஸில் ழான் பெரின், ஒரு மரத்தின் மஞ்சள் பிசினை நுண்துகள்களாக்கி நீரில் மிதக்கவிட்டு, நுண்ணோக்கியில் பார்த்து எண்ணியபோது 7-ஐ ஒட்டி வந்தது.

பெரினின் ஆய்வகத்தில் பான்செலின் என்பவர் அதே பிசின் துகள்களைக் கலந்து பாகுநிலையையே அளந்து பார்த்தார். ஒரு சதவீதத் துகளுக்கு ஒரு சதவீதம் அல்ல, ஏறத்தாழ 3.9 சதவீத உயர்வு!

ஐன்ஸ்டைன் தம் கணக்கை மறுபடி பார்த்தார். பிழை தெரியவில்லை. 1910 டிசம்பரில், தம்மோடு பணிபுரிந்த இளைஞர் லுட்விக் ஹோப்ஃபுக்கு எழுதி, கவனமாகச் சரிபார்க்கச் சொன்னார். ஹோப்ஃப் உட்கார்ந்து வரிவரியாகப் போட்டுப் பார்த்தார். வகைக்கெழு எடுத்த இடத்தில் பிழை இருந்தது. சரியான எண் 1 அல்ல, 2.5.

1911-ல் ஐன்ஸ்டைன் திருத்தத்தை அச்சிலேயே வெளியிட்டார். அவகாட்ரோ எண்ணும் 6.56 × 10²³ ஆனது. இன்று நாம் பயன்படுத்துவது 6.022. பான்செலினும் பிறகு தம் அளவை 2.9 என்று வெளியிட்டார். இரு பக்கமும் நெருங்கி வந்தன.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். துகள்கள் அடர்ந்துவிட்டால் இந்த 2.5 போதாது, ஒரு துகள் கலைத்த ஓட்டம் பக்கத்துத் துகளையும் பாதிக்கும். அதற்கான அடுத்த திருத்தத்தை 1970-களில்தான் கேம்பிரிட்ஜில் பேச்சலர் கணக்கிட்டார். பெயின்ட், சிமென்ட் குழம்பு என எதை ஆராய்பவரும் இன்றும் 2.5-இல்தான் தொடங்குகிறார்கள்.

ஹோப்ஃப் பிற்பாடு ஆகன் நகரில் பேராசிரியரானார். யூதர் என்பதால் நாஜி ஆட்சியில் வேலையை இழந்து, 1939-ல் அயர்லாந்துக்குப் போய், அந்த ஆண்டே டப்ளினில் காலமானார். 2.5-ஐப் பயன்படுத்தும் பலருக்கு அவர் பெயர் தெரியாது.

வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். விடை இடித்தால் அடுத்தவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை. ஐன்ஸ்டைனே அப்படித்தான் செய்தார்.