மண்ணில்லாக் கீரைப் பாத்தி

மண்ணின்றிப் பயிர் வளர்க்கும் வித்தையின் பூர்வ சரித்திரத்தை எழுதப் புகுவோர், பாபிலோனின் தொங்கு தோட்டத்தையும் மெக்ஸிகோவின் மிதக்கும் பாத்திகளையும் காட்டித் தொடங்குவது சம்பிரதாயமாகிவிட்டது. முன்னதைப் பற்றி நிச்சயமாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை, பின்னதிலோ ஏரிச் சேற்றை அள்ளிக் குவித்த மண்ணே பயிருக்கு ஆதாரம். வீட்டு முற்றத்தில் கீரை வளர்க்க விரும்புகிறவனுக்குப் பொருத்தமான ஆரம்பம், 1699-இல் ஜான் வுட்வர்ட் என்ற ஆங்கிலேயர் லண்டன் ராயல் சொஸைட்டியின் சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரைதான். ஏனெனில் அவர் பரீட்சைக்கு எடுத்துக்கொண்ட செடி புதினா. மழைநீர், தேம்ஸ் நதிநீர், தோட்டத்து மண்ணைக் கலக்கிய நீர் என்று பலவற்றிலும் அதை வளர்த்து எடை போட்டுப் பார்த்த அவர், எந்த நீரில் மண்ணின் அம்சம் மிகுந்திருந்ததோ அதிலேயே செடி செழித்ததைக் கண்டு, தாவரத்தின் ஆகாரம் நீரன்று, மண்ணே என்று தீர்மானித்தார்.

அந்த மண்ணுக்குள் இருப்பது சில உப்புகளே என்று 1860-ஐ ஒட்டிய வருஷங்களில் ஜெர்மானிய சாஸ்திரிகளான ஸாக்ஸும் க்னோப்பும் நிரூபித்தார்கள். கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட், பாஸ்பேட், மெக்னீசியம் சல்பேட், இம்மியளவு இரும்பு: இவற்றைக் கரைத்த நீரிலேயே செடி வளர்ந்தது. ஆயினும் அது வெகுகாலம் பரிசோதனைச் சாலையின் ஜாடிகளுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது.

அதை வெளியே கொணர்ந்தவர், கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி வளாகத்தில் பணியாற்றிய வில்லியம் கெரிக்கே. 1929-இல் தம் முறையை அவர் பிரகடனம் செய்து, பின்னர் 25 அடி உயரத் தக்காளிக் கொடிகளை வளர்த்துக் காட்டியபோது பத்திரிகைகள் ஆரவாரித்தன. ஆனால் கண்ணாடி வீட்டில் இடம் கேட்டு மறுக்கப்பட்டு, சொந்த வீட்டிலேயே சொந்த நேரத்தில் அவர் உழைக்க நேர்ந்தது. சர்வகலாசாலை பிற்பாடு ஹோக்லண்ட், ஆர்னன் என்ற இருவரைக் கொண்டு விஷயத்தைப் பரிசீலித்தது. நல்ல மண்ணில் கிடைப்பதைக் காட்டிலும் இதில் விளைச்சல் அதிகமில்லை என்று 1938-இல் அவர்கள் எழுதிய தீர்ப்பு முற்றிலும் நியாயமானதே. ஆனால் நல்ல மண்ணை உடையவன் இந்த வித்தையைத் தேடி வருவானேன் என்று கேட்கத் தோன்றுகிறது.

மண்ணில்லாத இடங்களே அதற்கு உரிய பதிலைத் தந்தன. பஸிபிக் சமுத்திரத்தின் வேக் தீவிலும், யுத்த காலத்தில் எரிமலைப் பாறையான அஸென்ஷன் தீவிலும், யுத்தம் முடிந்தபின் ஜப்பானின் சோஃபுவில் நேசநாட்டுத் துருப்புகளுக்காகவும், பச்சைக் காய்கறிகள் இம்முறையில் விளைந்தன. தொட்டியும் பம்பும் சிப்பந்திகளும் நிறைந்த அந்த ஏற்பாடுகள் ராஜாங்கங்களுக்கே கட்டுபடியாகும். குடும்பஸ்தனுக்கு அங்கே இடமில்லை.

அவனை மனத்தில் வைத்து இந்த வித்தையைத் திருத்தியமைத்தது நம் தேசத்திலேதான் என்பதை நம்மில் அநேகர் அறியார். லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தின் நினைவு மாறாதிருந்த 1946-இல், டார்ஜிலிங் ஜில்லாவின் காலிம்பொங்கில் ஷோல்டோ டக்ளஸ் பரிசோதனைகளைத் தொடங்கினார். பம்பையும் குழாயையும் அவர் விலக்கினார். அடியில் வடிகால் துளையுள்ள பெட்டியில் கருங்கல் ஜல்லியையும் மணலையும் கலந்து நிரப்பி, உப்புக் கலவையைக் கரைக்காமல் பொடியாகவே செடி வரிசைகளின் நடுவே தூவி, பூவாளியால் நீர் தெளிப்பதே அவர் முறை. 1951-இல் புத்தகமாகவும் வந்த இந்த ‘வங்க முறை’, சோஃபுவின் கண்ணாடி வீடுகளைவிடப் பெரிய சாதனை என்பது என் அபிப்பிராயம்.

இன்னும் எளிதாக்கியவர் ஹவாய் சர்வகலாசாலையின் பெர்னார்ட் க்ராட்கி. நாலு லிட்டர் கொள்ளும் மூடிய பாத்திரத்தில் ஊட்டக் கரைசலை நிரப்பி, மூடியில் துளையிட்டு, சிறு வலைக்கிண்ணத்தில் லெட்யூஸ் நாற்றைச் செருகிவிட்டால், மின்சாரமும் வேண்டாம், மேற்பார்வையும் அநேகமாக வேண்டாம். நீர்மட்டம் தாழத் தாழ, மேலே வெளிப்படும் வேர்கள் ஈரக்காற்றைச் சுவாசிக்கின்றன. அறுவடை நெருங்கும்போது கரைசலும் ஏறக்குறைய தீர்ந்திருக்கும். இடையில் குறைந்ததைக் கண்டு பரிவோடு விளிம்புவரை மறுபடி நிரப்பினால் அந்தக் காற்று வேர்கள் மூழ்கிச் செடி வாடும். ஆகையால், நாள்தோறும் நீர் ஊற்றிப் பழகிய நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு, முதலில் சொல்லிவைக்க வேண்டியது குடத்தோடு அருகே போகாதிருக்கும்படி; அடுத்தது, பாசி படராமலும் கொசு முட்டையிடாமலும் மூடியின் இடுக்குகளை நன்றாக அடைத்து வைக்கும்படி.