இல்ல இணையப் பாதுகாப்புக் கருவிகள்: ஏம்பலம் வட்டாரம்

ஒரு குடும்பம் தன் கைப்பேசி, கணினி, வங்கிக் கணக்கு, அடையாள எண்கள், உரையாடல்கள் ஆகியவை பிறர் கைக்கும் கண்ணுக்கும் எட்டாதிருக்கப் பயன்படுத்தும் மென்பொருள்களும் பூட்டுகளும் பழக்கங்களும் இல்ல இணையப் பாதுகாப்புக் கருவிகள் எனப்படும். கடவுச்சொல் காப்பகம், இருபடிச் சரிபார்ப்பு, விளம்பரத் தடுப்பான், நச்சுநிரல் எதிர்ப்பான், ஆதார் பூட்டு, பிள்ளைகளுக்கான கண்காணிப்புச் செயலி ஆகியவை இவற்றுள் அடங்கும். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த ஏம்பலத்தையும், சுற்றியுள்ள வில்லியனூர், பாகூர் ஊர்ப்புறங்களையும் முன்வைத்து இக்கட்டுரை இவற்றை விளக்குகிறது. தனி வீடுகளுக்குக் கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே ஊர்ப் பொதுவில் கணினி வைத்துப் பழகிய ஊர் ஏம்பலம். ஒரே கருவியைப் பலர் கையாளும் சிக்கலை இங்கே அந்த நாளிலிருந்து பார்க்கலாம்.

கோயில் பக்கத்தில் கணினி

1998 ஜனவரியில் சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியுதவியோடு புதுச்சேரி ஊர்ப்புறங்களில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் நடுவம் வில்லியனூர். இணையம் தொலைபேசிக் கம்பி வழியே அங்கு வந்து சேரும். நடுவத்தில் இருந்தவர்கள் வேண்டியதைப் பொறுக்கித் தமிழில் எழுதி ஊர் மையங்களுக்கு அனுப்புவார்கள். ஊர்களுக்குக் கம்பித் தொடர்பு போதாததால் வி.எச்.எஃப். இருவழி வானொலிக் கருவியை மோடத்தோடு பொருத்திக் குரலையும் எழுத்தையும் அனுப்பினார்கள். மின்சாரம் நின்றுபோகும் நேரத்துக்குச் சூரியத் தகடுகள் இருந்தன. இந்தக் கம்பியில்லா ஏற்பாட்டுக்காகத் திட்டம் 1999இல் மோட்டோரோலா பரிசையும், 2001இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் பரிசையும் பெற்றது. திட்டம் ஏறத்தாழப் பத்து ஊர்கள்வரை வளர்ந்தது. கடலோர வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த அலை உயர முன்னறிவிப்பு ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது. நெல் விளையும் ஏம்பலத்தில் கேட்கப்பட்டவை அரிசி விலையும் நல்ல நேரமும் அரசு உதவித்திட்டங்களும்.

ஏம்பலம் மையம் ஊர்க் கோயில் கட்டடத்தின் ஒரு பக்கத்தில் இயங்கியது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2000 மே 28ஆம் நாள் இதைப் பற்றி விரிவான செய்தி வெளியிட்டது. அக்கட்டடத்துக்கு இரண்டு வாசல்கள். ஒன்று சன்னிதிக்குப் போவது. ஒடுக்கப்பட்ட சாதியாரும் மாதவிலக்கான பெண்களும் அதைத் தாண்டக்கூடாது. மற்றொன்று சூரிய மின்சாரத்தில் ஓடிய இரண்டு கணினிகள் இருந்த அறைக்குப் போவது. அதில் எவரும் நுழையலாம். ஊர்ப் பெரியவர்கள் இதற்கு இசைந்தது சிறிய செய்தியல்ல. மையம் வேண்டும் ஊர் பொது இடம் ஒன்றை வாடகையின்றித் தரவேண்டும், எல்லாச் சாதியாரையும் அனுமதிக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் நிபந்தனை. கணினியை இயக்கப் பயிற்சி பெற்றவர்களில் பெண்கள் கணிசமாக இருந்தனர்.

இன்றைய கண்ணோட்டத்தில் அந்த அறையை ஆராய்ந்தால் பாதுகாப்புக் கருவி என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. வருகிறவர் தன் கேள்வியை வாய்விட்டுச் சொல்லவேண்டும். பக்கத்தில் வரிசையில் நிற்பவர் காதிலும் அது விழும். விதவை உதவித்தொகை யாருக்கு வரவில்லை, எந்த வீட்டில் மாடு சினைப்பிடிக்கவில்லை, யார் மகன் எந்த வேலைக்கு மனுப் போட்டான் என்பதெல்லாம் கணினி இயக்கும் பெண்ணுக்குத் தெரியும். அவளுடைய நாவடக்கமே அக்காலத்துக் கடவுச்சொல். குறியாக்கம் இல்லாத வி.எச்.எஃப். பேச்சை அதே அலைவரிசையில் கருவி வைத்திருக்கும் எவரும் கேட்கலாம். ஆனால் அலை உயரத்தையும் அரிசி விலையையும் ஒட்டுக்கேட்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது?

மையங்களில் வைக்கப்பட்ட தகவல்களுள் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களின் பட்டியலும் ஒன்று. தன் பெயர் பட்டியலில் உண்டா என்று ஏழைக் குடும்பம் தானே வந்து பார்த்துக்கொண்டது; பெயர் விடுபட்டதை முதல்முறையாக அறிந்தவர்களும் உண்டு. இன்றைய தரவுச் சட்டத்தின்படி இது தனிப்பட்ட தரவு. அன்று அதுவே இடைத்தரகரின் வாயை அடைத்த ஆயுதம். அரசிடமிருக்கும் தகவல் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும், மக்களின் தகவல் அரசுக்கும் வணிகத்துக்கும் மூடியிருக்க வேண்டும் என்பதே சரியான எல்லைக்கோடு. அப்பட்டியல் முதல் வகையைச் சார்ந்தது. திறந்த தகவலின் பயன் 2004 டிசம்பர் 26 அன்று, இத்திட்டத்தின் மையம் இருந்த கடலோர ஊரான நல்லவாட்டில் தெரிந்தது. சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, மையத்தின் ஒலிபெருக்கி அதை முழங்க, ஆழிப்பேரலைக்கு முன்பே மக்கள் கரையை விட்டு ஓடித் தப்பினர்.

இணைய நிலையங்களும் நாலரை அடித் தடுப்பும்

அடுத்த கட்டம் கடைவீதியின் பிரவுசிங் சென்டர். 2011இல் மத்திய அரசு கொண்டுவந்த சைபர் கஃபே விதிகள், வருகிறவரின் அடையாளச் சான்றைப் பதிவுசெய்து பயன்பாட்டுக் குறிப்புகளை ஓராண்டு காக்கச் சொல்லின. தடுப்பறைகள் தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் உயரக்கூடாது. தடுப்பில்லாத கணினித் திரைகள் பொதுப் பார்வை படும்படி வெளிப்புறம் நோக்கியிருக்க வேண்டும். கடைக்குள் தனிமை என்பதே ஐயத்துக்குரிய பொருளாக எண்ணப்பட்டது.

அந்தக் கடைகள் பின்னர் ஜெராக்ஸ், ரீசார்ஜ், பொதுச் சேவை மையமாக உருமாறின. ஆதார் நகலை வருடிய கோப்பு கடைக் கணினியின் பதிவிறக்கக் கோப்புறையில் கிடக்கும். அடுத்து வருகிறவருக்கும் அதே கோப்புறைதான் திறக்கும். மனுவை முடிக்க ஓடிபி கேட்கும்போது வாடிக்கையாளர் அதை உரக்க வாசிப்பார். இவ்வட்டாரத்தில் தகவல் கசிவு என்றால் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான். வெளிநாட்டு ஊடுருவல்காரன் பிறகு.

கைப்பேசியும் கணக்கும் ஒன்றானது

2015 செப்டம்பரில் புதுச்சேரி, ரேஷன் தானியத்துக்குப் பதிலாகப் பணத்தை வங்கிக் கணக்கில் செலுத்தும் முறைக்கு மாறியது. 2016இல் யுபிஐ வந்தது. குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு, சிம் கார்டு நான்கும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டன. கைப்பேசியைத் தொலைத்தால் நான்கும் ஆட்டம் காணும்.

இந்தக் கட்டு பிறர் கைக்குப் போனதோ என்ற கேள்வி 2021 சட்டமன்றத் தேர்தலில் எழுந்தது. ஆதாரோடு இணைத்த எண்களுக்கு மட்டும் பாஜகவின் தொகுதிவாரி வாட்ஸ்அப் குழு அழைப்புகள் வந்ததாகப் புதுச்சேரி ஜனநாயக வாலிபர் சங்கத் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. தொண்டர்கள் வீடுவீடாகச் சென்று திரட்டிய எண்கள் என்று கட்சி கூறியது. நீதிமன்றம் குற்றச்சாட்டைக் கடுமையானதாகக் கருதி ஆதார் ஆணையத்திடம் விளக்கம் கேட்டது. எண் எப்படிப் போயிருந்தாலும், வாக்காளரின் கைப்பேசியில் எந்த நச்சுநிரல் எதிர்ப்பான் இருந்திருந்தாலும் இதைத் தடுத்திருக்காது. கருவிகளைத் தேர்ந்தெடுப்போர் மனத்தில் வைக்கவேண்டிய வழக்கு இது.

வகைப்பாடு

நூல்கள் இக்கருவிகளை வன்பொருள், மென்பொருள், சேவை என்று பிரிக்கும். கூட்டுக் குடும்பத்துக்கு அது உதவாது. யாரிடமிருந்து காக்கிறோம் என்பதைக் கொண்டு பிரிப்பதே பொருத்தம்: வீட்டுக்குள் கைமாறும்போது காப்பவை, கடையிலும் அலுவலகத்திலும் காப்பவை, தொலைபேசியில் பேசி ஏமாற்றுபவனிடமிருந்து காப்பவை, நிறுவனங்களின் பின்தொடர்தலிலிருந்து காப்பவை.

வீட்டுக்குள் முதல் தேவை திரைப்பூட்டு. ஆறு இலக்க எண் நலம். விரலால் இழுக்கும் கோலம் கண்ணாடியில் தடம் விடும். பேத்தி விளையாடப் போனைக் கேட்டால் ஒரு செயலியை மட்டும் திரையில் நிறுத்தும் வசதியைப் பயன்படுத்தலாம். ஆண்ட்ராய்டில் அது அமைப்புகளுக்குள்ளேயே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் 2023 முதல் தனி உரையாடலுக்குப் பூட்டு உண்டு. திருமணமான பெண் தாய்வீட்டோடு பேசுவதை வீட்டார் எடுத்துப் பார்ப்பது ஊரில் குற்றமாகவே எண்ணப்படுவதில்லை. ஆகவே இந்தப் பூட்டை அற்பமாக நினைக்கலாகாது.

கடவுச்சொற்களுக்குப் பிட்வார்டன் இலவசப் பதிப்பு போதும். இணையத்தில் எதையும் வைக்க விரும்பாதவர் கீபாஸ் வகைக் காப்பகத்தைக் கொள்ளலாம். இவ்விரண்டும் வராத முதியவருக்கு நாற்பது பக்க நோட்டுப் புத்தகமே சிறந்த கருவி. கடவுச்சொல்லை எழுதிவைப்பது பிழை என்று வல்லுநர்கள் வெகுகாலம் சொல்லி வந்தது அலுவலக மேசையை எண்ணியே. பீரோவுக்குள் இருக்கும் நோட்டை நைஜீரியாவிலிருந்தோ தொலைபேசி மோசடிக்குப் பேர்போன ஜாம்தாராவிலிருந்தோ யாரும் திறக்க முடியாது. ஏடிஎம் அட்டையின் காகித உறையிலும் கைப்பேசி உறையின் பின்னாலும் எழுதுவதுதான் பிழை. மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இருபடிச் சரிபார்ப்பைப் போடவேண்டும். சிம் தொலைந்தால் குறுஞ்செய்தி ஓடிபியும் போய்விடும் என்பதால் மின்னஞ்சலுக்கு அங்கீகாரச் செயலியே மேல்.

கடைக்குக் கொடுக்க, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் உண்டு. எண் கேட்கும் இடத்தில் 16 இலக்க மெய்நிகர் எண் தரலாம். விரல்ரேகையைப் பூட்டும் வசதி எம்ஆதார் செயலியில் இருக்கிறது. கைரேகையைப் போலி செய்து ஆதார்வழிப் பணம் எடுப்பவர்களை இது தடுக்கும். ஆனால் பாட்டி வங்கி முகவரிடம் விரல் வைத்துப் பணம் எடுப்பவராயின், எடுக்கும் முன் பூட்டைத் திறந்துவிட வேண்டும். இல்லையேல் இயந்திரம் மறுக்கும், முகவர் சர்வர் கோளாறு என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

தொலைபேசி ஏமாற்றுக்காரனிடம் மென்பொருளின் வேலை குறைவு. மின்கட்டணம் பாக்கி, போக்குவரத்து அபராதம், பிஎம் கிசான் தவணை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை நிறுவினால் குறுஞ்செய்திகள் அவனுக்குப் போகும். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலி நிறுவும் அனுமதியை வாட்ஸ்அப்புக்கும் உலாவிக்கும் நிறுத்திவைப்பது, காசு கொடுத்து வாங்கும் எதிர்ப்பானைவிடப் பயன் தரும். எனிடெஸ்க் போன்ற திரைப்பகிர்வுச் செயலியை வங்கிக்காரர் கேட்பதாக ஒருவர் சொன்னால் அவர் வங்கிக்காரர் அல்லர். பணம் பெற யுபிஐ பின் தேவைப்படாது. இதை மனப்பாடமாக்கிய வீட்டில் பாதி மோசடி நுழையாது.

பின்தொடர்தலுக்கு ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் யுபிளாக் ஆரிஜின் தடுப்பானும் கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். பிள்ளைகளுக்கு ஒவ்வாத தளங்களை வீடு முழுவதற்கும் தடுக்க வைஃபை பெட்டியில் 1.1.1.3 என்ற பெயர்வழங்கி முகவரியை இட்டால் போதும்; கிளவுட்ஃபிளேர் 2020இல் தொடங்கிய சேவை இது. பெட்டியை மாட்டியவர் விட்டுச்சென்ற நிர்வாகக் கடவுச்சொல்லை அதே நாளில் மாற்றிவிடலாம். விபிஎன் இவ்வட்டார வீடுகளுக்குத் தேவையற்ற செலவு. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு காக்கவேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பணித்தபின் எக்ஸ்பிரஸ், சர்ஃப்ஷார்க், நார்டு ஆகியவை இந்தியாவிலிருந்த தம் சர்வர்களையே எடுத்துவிட்டன. இலவச விபிஎன் அதைவிட மோசம். நச்சுநிரல் எதிர்ப்பானில் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதுமானது. கணினிக் கடைக்காரர் கூடவே விற்கும் ஓராண்டுச் சந்தாவை மரியாதையாக மறுக்கலாம். ஐயமிருந்தால் செர்ட்-இன் 2017இல் திறந்த சைபர் சுவச்சதா கேந்திரத்தில் இலவசச் சுத்திகரிப்புக் கருவிகள் கிடைக்கும்.

தற்போதைய நிலை

பணம் போனால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைக்கவேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் தவறோ வங்கியின் தவறோ இல்லாத இழப்பை மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தால் முழுப்பொறுப்பும் வங்கியுடையது. ஓடிபியைச் சொல்லிவிட்டவருக்கு இது பொருந்தாது. தன் பெயரில் எத்தனை சிம் உள்ளன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி செயலியில் பார்க்கலாம். அச்செயலியை எல்லாக் கைப்பேசியிலும் கட்டாயமாக முன்கூட்டியே நிறுவும் உத்தரவு எதிர்ப்புக்குப் பின் 2025 டிசம்பரில் கைவிடப்பட்டது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பெரும்பாலான கடமைகள் 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும்.