குயின்சி ஓடுபாதை விபத்து, 1996

குயின்சி ஓடுபாதை விபத்து என்பது ஐக்கிய அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில் குயின்சி நகர விமான நிலையத்தில் 1996, நவம்பர் 19 அன்று இரு விமானங்கள் மோதிக்கொண்ட நிகழ்வாகும். அவற்றில் இருந்த 14 பேரும் உயிரிழந்தனர்.

பின்னணி

இந்நிலையத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லை. இத்தகைய நிலையங்களில் விமானிகள் தமது இருப்பிடத்தையும் நோக்கத்தையும் பொதுவான வானொலி அலைவரிசையில் அறிவித்து, கண்ணால் பார்த்து ஒருவருக்கொருவர் வழிவிடுவர்.

விபத்து

யுனைட்டட் எக்ஸ்பிரஸ் 5925 (பீச்கிராஃப்ட் 1900சி) 12 பேருடன் 13ஆம் ஓடுபாதையில் தரையிறங்க வந்தது. அதனைக் குறுக்கிடும் 04ஆம் ஓடுபாதையில் கிங் ஏர் விமானம் ஒன்றும் அதன் பின்னால் செரோக்கி எனும் சிறு விமானமும் நின்றன. கிங் ஏர் காத்திருக்குமா என யுனைட்டட் விமானிகள் வினவினர். பதிலளித்தவர் செரோக்கி விமானி. அப்பதிலின் ஒரு பகுதி யுனைட்டட் விமானத்தின் எச்சரிக்கை ஒலியில் மறைந்தது. கிங் ஏர் காத்திருப்பதாக எண்ணி அவர்கள் தரையிறங்கினர். அவ்வேளையில் கிங் ஏர் புறப்பட்டு ஓடியது. இரண்டும் ஓடுபாதைகளின் சந்திப்பில் மோதித் தீப்பற்றின.

விசாரணை

கிங் ஏர் விமானிகள் அலைவரிசையைச் சரிவரக் கவனிக்காததும் பிற விமானங்களை நோக்காததுமே காரணம் எனத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. யுனைட்டட் விமானத்தின் கதவு திறக்கப்படாமையும் போதிய தீயணைப்பு, மீட்பு வசதி இன்மையும் உயிரிழப்பை மிகுவித்தன.